மேற்குச் சுவர்

பிப்ரவரி 9, ஞாயிறு

டாக்டர் சொல்லித்தான் இந்த டைரி. "காலைல எத்தனை தடவை இருமினார், எவ்வளவு தூரம் நடந்தார், எங்க மூச்சு வாங்குச்சு, எல்லாத்தையும் எழுதிட்டு வாங்கம்மா" என்றார். இருபத்தாறு வருடமாகச் சத்துணவுக்கூடத்தில் பதிவேடு எழுதும் கைக்கு இது ஒரு வேலையா? எழுதிவிடலாம்.

பெயர்: ஆவுடையப்பன். வயது 59. தென்காசியில் ஒரு சிமெண்ட் சீட்டுக் கடையில் இருபத்திரண்டு வருடம் சீட்டு அறுத்தவர். நோய்: ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நார்த் தூசி நுரையீரலில் படிந்து தழும்பாகிவிட்டது. எழுதுவது: மனைவி பகவதி.

காலை இருமல் பதினொன்று. பிள்ளையார் கோயில் வரை நடந்தார். திரும்பும்போது கிணற்றடியில் நின்றார். நானும் நின்றேன், துணைக்கு.

பிப்ரவரி 12, புதன்

இருமல் ஒன்பது.

ராஜபாளையத்திலிருந்து சங்கரி பேசினாள். மூன்று மாதம் முடிந்துவிட்டது, வாந்தி குறைந்திருக்கிறது. முதல் பேறு தாய் வீட்டில்தானே, ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டுக் கூட்டிவந்துவிடுவோம் என்றேன். அதற்கு அவள் சொன்னாள்: "எம்மா, மேற்குச் சுவர்ல அந்தச் சீட்டு இருக்க வரைக்கும் நான் அங்க வரமாட்டேன். பிள்ளையையும் கொண்டு வரமாட்டேன். அப்பாவப் பாத்தும் உங்களுக்கு விளங்கலியா?"

ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறவள். அவளிடம் நான் என்ன வாதாட முடியும்?

எங்கள் வீடு மலையைப் பார்த்த வீடு. ஆனி, ஆடியில் சாரல் நேரே மேற்குச் சுவரில்தான் அறையும். ஊறி ஊறி உள்ளே துணி வைத்த பெட்டிகூடப் பூசணம் பூத்துவிடும். அதற்காக இவர் கடையிலிருந்து ஆறு சீட்டுக் கொண்டுவந்து சுவருக்கு வெளியே நட்டக்குத்தலாக வரிசையாக அடித்தார். சங்கரிக்கு அப்போது ஒரு வயது. அந்த ஆறு சீட்டுத்தான் இத்தனை வருடமும் நனைந்துகொண்டு நிற்கிறது.

இவரிடம் சொன்னேன். "சும்மா இருக்க சீட்டு யாரையும் கடிக்காதுளா. அறுத்தாத்தான் தூசி" என்றார். டாக்டரும் அதைத்தான் சொன்னார். ஆனால் எங்கள் சீட்டு சும்மா இல்லை. கீழ் மூலையெல்லாம் பொரிந்து நார் நாராகத் தொங்குகிறது, கோழி வந்து கொத்துகிறது. காட்டினேன். கோழியை விரட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இருமல் பதிமூன்று. நடக்கவில்லை.

சீட்டை எடுத்தால் வேறு ஏதாவது போட வேண்டுமே. கடை கடையாக ஏறி இறங்கினேன். முதல் கடையில் மரம் போலவே பிளாஸ்டிக் பலகை. "கரையான் தொடாதுக்கா." மூலையை முகர்ந்து பார்த்தேன், புது வாளி வாசம். வெயிலில் வளையுமா என்று கேட்டால், "வெயில் படாம பாத்துக்கிடுங்க" என்கிறான். மேற்குச் சுவரை எங்கே கொண்டுபோய் நிழலில் வைப்பது? இரண்டாவது கடையில் கலர் தகரம். மழை பெய்தால் கல்யாண வீட்டுக் கொட்டுத்தான். மூன்றாவது கடையில் கல்நார் கலக்காத பலகை என்று ஒன்று. கலக்கவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி என்றேன். அட்டையில் பச்சை இலை அச்சடித்திருப்பதைக் காட்டினான். இலை இருப்பதெல்லாம் நல்லது என்றால் பீடியும் நல்லதுதான்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு இடத்தில் நின்றேன். வெயில்.

பிப்ரவரி 21, வெள்ளி

சங்கரி எனக்கு மூன்று கேள்வி கொடுத்திருக்கிறாள். எந்தச் சாமானைப் பார்த்தாலும் கேட்க வேண்டுமாம். எங்கிருந்து வருகிறது? எத்தனை வருடம் நிற்கும்? கடைசியில் எங்கே போய்ச் சேரும்? மாப்பிள்ளை பார்க்கப் போகும்போதும் இதைத்தானே கேட்கிறோம் என்றேன். சிரித்தாள். பத்து நாளைக்கப்புறம் அவள் சிரித்த சத்தம் கேட்டேன். மனசு நிறைந்துவிட்டது.

மார்ச் 1, சனி

இருமல் பத்து.

செம்புரைக்கல் பார்த்தேன். அழகு. ஆனால் கேரளத்தில் ஒரு குன்றைத் தோண்டி, லாரியில் மலை ஏற்றி இறக்கிக் கொண்டுவர வேண்டும். சாம்பல் செங்கல் பார்த்தேன், குறை சொல்ல முடியாது, அதுவும் தூரத்துச் சரக்கு. சங்கரன்கோவில் ரோட்டில் மண்கல் அழுத்துகிற இடம் ஒன்று இருக்கிறதென்று கேள்விப்பட்டுப் போனேன். பக்கத்துச் செம்மண்ணைச் சலித்து, கொஞ்சூண்டு சிமெண்ட் சேர்த்து, அச்சில் வைத்து அழுத்துகிறார்கள். சூளை கிடையாது, புகை கிடையாது. ஈரச் சாக்குப் போட்டு மூன்று வாரம் மூடி வைத்தால் கல். உடைந்தால் மறுபடி மண்ணாகிவிடும். மூன்றாவது கேள்விக்கு இவ்வளவு நல்ல பதில் வேறு எதுவும் சொல்லவில்லை.

எல்லாவற்றிலும் ஒவ்வொன்று கேட்டு வாங்கி வந்து, எடை போட்டு, இரண்டு நாள் தொட்டித் தண்ணீரில் போட்டுவைத்திருக்கிறேன். எவ்வளவு குடிக்கிறது என்று பார்க்க வேண்டும். பருப்பில் கல் பொறுக்கிய கண் கடைக்காரன் பேச்சை நம்பாது.

இவர் தொட்டிப் பக்கமே வரவில்லை.

மார்ச் 3, திங்கள்

மண்கல் கரையவில்லை. விளிம்புகூட மழுங்கவில்லை. ஆனால் நன்றாகக் குடிக்கிறது, அதனால் மேலே சுண்ணாம்புச் சாந்து பூச வேண்டுமாம். இவரிடம் கல்லைக் கொடுத்தேன். கையில் வாங்கி, விரலால் தட்டிப் பார்த்தார். முகத்தைப் பார்த்தால் கல்லைப் பற்றி யோசிக்கிற மாதிரி இல்லை.

"சீட்டை எடுக்கத்தான் வேணுமாளா?"

"மகள் வரணுமா வேண்டாமா?"

ராத்திரிச் சோறு பாதியில் எழுந்துவிட்டார்.

மார்ச் 16, ஞாயிறு

இரண்டு வாரம் பேச்சில்லை. இன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். எடுக்கலாமாம். ஆனால் யாரும் கை வைக்கக் கூடாதாம், அவர்தான் எடுப்பாராம்.

செண்பகராமன் கொத்தனாரைக் கூப்பிட்டிருந்தேன். அவர் சிரித்தார். "அண்ணாச்சி, ரெண்டு தட்டு தட்டினா அரை மணி நேரத்துல எல்லாம் கீழ கிடக்கும். நீங்க மூச்சு வாங்கிக்கிட்டு ஏணில ஏறணுமா?"

"தட்டினா உடையும். உடைஞ்சா உமக்குள்ள போவும். எனக்குள்ள ஏற்கெனவே போயாச்சுய்யா" என்றார் இவர்.

கொத்தனார் சிரிப்பை நிறுத்திவிட்டார். கல்யாணமாகி முப்பது வருடத்தில் இந்த மனிதர் இவ்வளவு பெரிய விஷயத்தை இவ்வளவு சின்ன வாக்கியத்தில் சொல்லி நான் கேட்டதில்லை.

மார்ச் 24, திங்கள்

முதல் சீட்டு. முகமூடி, கண்ணாடி எல்லாம் மருமகன் அனுப்பியிருந்தார். நான் சோப்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருந்தேன். இவர் ஆணியை அசைத்து அசைத்து, ஒரு பொட்டு உடையாமல் இறக்கினார். கொத்தனாரும் முகமூடி மாட்டிக்கொண்டு கீழே ஏந்திக்கொண்டார். ஈரத்தோடு பாலித்தீன் தாளில் இரண்டு சுற்று சுற்றி ஒட்டியாகிவிட்டது. அபாயக் கழிவு எடுக்கிற கம்பெனி வண்டி வந்து கொண்டுபோகும். போட்டிருந்த துணியும் அதோடு போகிறது.

அதற்குள் காலை முடிந்துவிட்டது. ஒரு நாளைக்கு ஒன்றுதான். டாக்டரிடம் சொன்னால் திட்டுவார். சொல்லவில்லை.

இருமல் எண்ணவில்லை.

மார்ச் 31, திங்கள்

ஐந்தாவது சீட்டு. இடையில் மூன்று நாள் படுத்துவிட்டார்.

அந்தக் காலத்தில் வேலை விட்டு வரும்போது தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளையாக வருவார். தெருப் பிள்ளைகள் 'வெள்ளையப்பன்' என்று கூப்பிடும். சட்டையைத் துவைகல்லில் ஓங்கி அடித்தால் மாவு மாதிரிப் பறக்கும். இரண்டு அடி அதிகமாக அடிப்பேன், வெளுக்கட்டும் என்று.

ஏப்ரல் 2, புதன்

ஆறாவதும் இறங்கிவிட்டது. சங்கரிக்குப் படம் அனுப்பினேன். "அப்பாக்கு ஒரு முத்தம்" என்று எழுதியிருந்தாள். இவரிடம் காட்டினேன். கண் கலங்கியது. சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பழைய பூச்சின்மேல் புதுச் சாந்து பிடிக்க வேண்டுமானால் பழையதைக் கொத்திவிட வேண்டும். அதுதான் முறை. செண்பகராமன் கொத்தனார் உளியை வைத்துச் சுத்தியலை ஓங்கினார்.

"கொத்தாதேய்யா!"

இவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. இருமல் வந்து அப்படியே மணல் குவியலில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு நிலைக்கு வரக் கால் மணி நேரம் ஆயிற்று. அப்புறம் சொன்னார்.

"அது வெறும் பூச்சு இல்ல. கடையில அறுக்கும்போது விழுந்த தூளு. மூணு மூட்டை. சாந்துல கலந்தா சுவரு வெடிக்காதுன்னு வேலை பாத்தவன் எல்லாம் வீட்டுக்குக் கொண்டு போனான். நானும் கொண்டாந்தேன். அடுத்த சாரல்லயே பொரிஞ்சு போச்சு. அதை மறைக்கத்தான் சீட்டு அடிச்சேன்."

கொத்தனார் நாலு அடி பின்னால் போனார். உளியைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

சீட்டை எடுக்கச் சொன்னதும் இவருக்கு ஏன் சோறு இறங்கவில்லை என்று இப்போது புரிகிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், டாக்டர் கேட்டது இவர் கணக்கைத்தானே. அந்த மூட்டை வந்தது எனக்குத் தெரியும். அது இந்தக் கல்நார் என்று மட்டும் இன்றுவரை தோன்றவில்லை. கட்டி தட்டாமல் சலித்துக் கொடு என்றார். மாவுச் சல்லடையில் நான்தான் சலித்தேன், மூன்று மூட்டையும். சங்கரி வயிற்றில் ஆறு மாதம். வெள்ளையாகப் பறந்தது. தும்மினேன். "பவுடர் பூசின மாதிரி இருக்களா" என்று இவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த நாளை இத்தனை வருடமும் நல்ல நாளாகத்தான் வைத்திருந்தேன்.

ஏப்ரல் 7, திங்கள்

இனி கொத்தனார் வர மாட்டார் என்று நினைத்தேன். காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். "மதினி, ராத்திரி பூரா யோசிச்சேன். அதைத் தொடவே வேண்டாம். ஒரு சாண் தள்ளி, தனி அஸ்திவாரம் போட்டு, இன்னொரு சுவரு எழுப்பிருவோம். மேலயும் ரெண்டு ஓரமும் பாளம் வச்சு மூடிட்டா உள்ள இருக்கது உள்ளயே இருக்கும். அதுக்கு முன்னால பழைய பூச்சை நனைச்சு, மெத்துன்னு பிரஷ்ஷால ரெண்டு தடவை கெட்டியா பெயிண்டு அடிச்சிரணும்."

மண்கல் சுவர்தான் எழுப்ப வேண்டும் என்றேன். மூன்று கேள்வியில் தேறியது அது ஒன்றுதான்.

பெயிண்டையும் இவர்தான் அடித்தார். தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. மூக்கைக் கட்டிக்கொண்டு, குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி மெதுவாகத் தேய்த்தார்.

ஏப்ரல் 19, சனி

இருமல் பதினெட்டு. வீட்டு வாசல் வரைதான்.

சுவர் இடுப்பளவு. இன்று இவர் கேட்டார்: "சங்கரிகிட்ட சொல்லிராதளா. சீட்டு போச்சு, அவளுக்கு அது போதும். உள்ள இருக்கதை எதுக்குச் சொல்லணும்? மூடியாச்சுல்லா?"

சரி என்றேன். சரியா என்று தெரியவில்லை.

மே 4, ஞாயிறு

சுவர் முழு உயரம் வந்துவிட்டது. செம்மண் நிறத்தில், வரி வரியாக, பார்க்க அவ்வளவு லட்சணம். ரோட்டில் போகிறவர்கள் நின்று கேட்கிறார்கள். சுற்றுச்சூழலுக்கு நல்லதாமே, சிமெண்டு கம்மியாமே என்கிறார்கள். ஆமா என்கிறேன். உள்ளே இருப்பதைச் சொல்லாமல் வீட்டுக்குள் வந்துவிடுகிறேன்.

மே 13, செவ்வாய்

தாளித்த நெடி எனக்கு ஏறிவிட்டது. மத்தியானம் வரை விடவில்லை. புது மிளகாய் காரம் அதிகம்.

மே 25, ஞாயிறு

ராஜபாளையத்தில் வளைகாப்பு. இவரால் அவ்வளவு தூரம் வர முடியாது. அத்தை, மதினிமார், பக்கத்து வீட்டு ஆள்கள் என்று ஒரு வேன் நிறையப் போனோம். ஐந்து வகைச் சாதம் கட்டிக்கொண்டு போனேன். சங்கரி இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். ஏழு மாத வயிறு. பட்டுச்சேலையில் அவளைப் பார்த்தபோது, சொல்லக் கூடாது, என் கண்ணே பட்டுவிடும்.

சாப்பாடு முடிந்து, அவள் பெட்டியை வேனில் ஏற்றியாகிவிட்டது. சங்கரி ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள். "எம்மா, புதுச் சுவரைப் பாக்கணும்னு இருக்கு. நீயும் அப்பாவும் எனக்காக இவ்வளவு செஞ்சிருக்கிய" என்றாள்.

அந்த ஒரு சொல்லில் தோற்றுவிட்டேன். அவள் கையைப் பிடித்து வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். மூன்று மூட்டையையும் சொன்னேன். சல்லடையையும் சொன்னேன். அப்போது அவள் என் வயிற்றில் எத்தனை மாதம் என்பதையும் சொன்னேன்.

கேட்டுக்கொண்டே நின்றாள். அழவில்லை. மருமகனிடம் போய், "பெட்டியை இறக்குங்க" என்றாள்.

வளைகாப்புப் போட்ட மகளைக் கூட்டிக்கொள்ளாமல் வேனில் திரும்பினேன். எழுபது கிலோமீட்டரும் அவள் உட்கார வேண்டிய இடம் காலியாகவே வந்தது. வாசலில் ஆரத்தித் தட்டோடு இவர் நின்றுகொண்டிருந்தார். வேனுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தட்டை வாங்கித் தண்ணீரை நானே கொட்டினேன்.

மே 26, திங்கள்

போன் எடுக்கவில்லை.

மே 28, புதன்

எடுக்கவில்லை. இவர், "நீ சொன்னதுதாம்ளா சரி" என்றார். அதைச் சொல்ல அவருக்கு மூன்று நாள் ஆகியிருக்கிறது. சரியைச் செய்ததற்கு ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை. மகள் வேண்டும் எனக்கு.

மே 31, சனி

மலையில் மேகம் இறங்கிவிட்டது. காற்று மாறியிருக்கிறது. கொத்தனார் அவசரமாகச் சுண்ணாம்புச் சாந்து பூசுகிறார். கேட் பக்கத்து மூலை மட்டும் மிச்சம். நாளை முடிந்துவிடும்.

ஜூன் 1, ஞாயிறு

மூலையைப் பூசிக் கொத்தனார் கை கழுவிக்கொண்டிருந்தபோது கார் வந்து நின்றது. மருமகன் கதவைத் திறந்துவிட, சங்கரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கைநிறைய வளையல் அப்படியே இருந்தது.

நேரே மேற்குச் சுவருக்குப் போனாள். மேல் பாளத்தைப் பார்த்தாள். இரண்டு ஓரத்தையும் கையால் தடவிப் பார்த்தாள். எங்காவது இடைவெளி இருக்கிறதா என்று கொத்தனாரிடம் கேட்டாள். "எறும்பு போவாது தாயி" என்றார்.

இவர் நாற்காலியிலிருந்து எழ முயன்றார். அவள் அருகில் போய் உட்காரவைத்தாள். "எப்பா, உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. அன்னைக்கு யாருக்கும் தெரியாது. ஆனா இப்ப நமக்குத் தெரியும். நாளைக்கு நீங்க இருக்க மாட்டிய, நானும் இருக்க மாட்டேன். இந்த வீட்டை வாங்குறவன் ஜன்னல் வைக்கணும்னு இந்தச் சுவரை உடைப்பான். அந்த வீட்லயும் ஒரு பிள்ளை இருக்கும். உள்ள என்ன இருக்குன்னு வெளிய எழுதிப் போடுங்க. அப்பதான் நான் உள்ள வருவேன்."

"ரோட்டுல போறவன் எல்லாம் படிப்பானே" என்றார் இவர், மெதுவாக.

"படிக்கட்டும்."

மற்ற வீடுகளில் 'அன்னை இல்லம்' என்றும் 'முருகன் துணை' என்றும் எழுதுகிற இடம்தான் கேட் பக்கத்து அந்த மூலை. சாந்து இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. இவர் கொத்தனாரிடம் ஆணியை வாங்கிக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகக் கீறினார். இடையிடையே மூச்சு வாங்கினார். நாங்கள் காத்திருந்தோம்.

இந்தச் சுவருக்குள் கல்நார்த் தூள் இருக்கிறது. உடைக்காதீர்கள். கொண்டுவந்தவன் ஆவுடையப்பன்.

ஆணியை என்னிடம் கொடுங்கள் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். கையிலிருந்து வாங்கி, அவர் பெயருக்குக் கீழே எழுதினேன்: சலித்தவள் பகவதி.

எழுதி நிமிரும்போது இருமல் வந்தது. வந்தது நிற்கவில்லை. சுவரைப் பிடிக்கப் போனேன், ஈரம் என்று ஞாபகம் வந்து சங்கரியின் தோளைப் பிடித்தேன். அது அடங்கும் வரை அவள் அசையாமல் நின்றாள்.

"எத்தனை நாளா எம்மா?"

மிளகாய் என்று சொல்ல வாயெடுத்தேன். சுவரில் எழுத்து இன்னும் காயவில்லை.

"தை மாசத்துல இருந்து" என்றேன்.

முதல் தூறல் விழுந்தது. எழுத்து அழிந்துவிடும் என்று கொத்தனார் ஓடிப்போய்த் தார்ப்பாயைப் பிடித்தார். சங்கரி என் கையைப் பிடித்துக்கொண்டு வலது காலை எடுத்து வைத்து வீட்டுக்குள் வந்தாள்.

நாளைக் காலை ஏழு மணிக்கு டாக்டரிடம் போகிறோம். எக்ஸ்ரே எனக்கு.